கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழு: ஒரு பன்முக நோக்கு

முன்னுரை

ஆதிமனிதன் குகையில் வாழ்ந்தான். பிறகு நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான். பிறகு ரசம் வைத்தான். ரசம் தாளிக்கக் கறிவேப்பிலை வேண்டும் என்பது உள்ளங்கை நெல்லிக்கனி. ஆகவே மனித நாகரிகத்தின் கொடுமுடியாக விளங்குவது கறிவேப்பிலை எனலாம். அந்தக் கொடுமுடியைப் புழு தின்றுகொண்டிருக்கிறது என்பதே இவ்வாய்வு எழுந்த சூழல்.

ஆய்வுக் கட்டுரை என்றால் குகையிலிருந்துதான் புறப்பட வேண்டும் என்பது நம் கருத்தரங்க மரபு. சங்க இலக்கியத்தில் உப்பு என்றாலும் குகை, புதுக்கவிதையில் டவுன் பஸ் என்றாலும் குகை. யாம் ஏழே வாக்கியங்களில் கொல்லைப்புறம் வந்து சேர்ந்திருப்பதை அறிஞர் உலகம் பரிவோடு நோக்க வேண்டும்.

ஆய்வு நோக்கம்

கறிவேப்பிலையைத் தின்னும் புழுவை என்ன செய்வது என்று கண்டறிதல். இந்த நோக்கத்தை வாசகர் மறுபடி சந்திக்க வெகுநேரம் ஆகும்.

ஆய்வுக் களம்

மயிலாடுதுறையில் ஒரு வீட்டுக் கொல்லை. வடக்கே கிணறு, தெற்கே துவைக்கிற கல். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் மாமி வீட்டு நந்தியாவட்டை நிற்கிறது. அதிலும் புழு உண்டு. ஆனால் அது வேறு துறை, வேறு நெறியாளர்.

சொல்லாய்வு

இல்லை. வேர்ச்சொல் தோண்டாமல், நம்மிடமிருந்து எந்த மொழிக்காரன் எதைத் திருடினான் என்று சொல்லாமல் வெளிவரும் முதல் தமிழ் ஆய்வுக் கட்டுரை இதுவாகலாம் என்பது ஈண்டுப் பதிவு செய்யத்தக்கது.

செடியின் வரலாறு

கறிவேப்பிலைக்கு அறிவியலார் பெயர் வைத்த கதை, பங்காளி வீட்டுப் பாகப்பிரிவினை போன்றது. லின்னேயஸ் 1771இல் இதற்குப் ‘பெர்கெரா கேனிகீ’ என்று பெயரிட்டார். பின்பாதியில் உள்ள கேனிக், லின்னேயஸிடம் படித்தவர். 1768இல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். தரங்கம்பாடி எங்களூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஆசிரியர் ஒருவர் தம் மாணவர் பெயரை ஒரு செடிக்குச் சூட்டினார் என்பதை இன்றைய ஆய்வு மாணவர்கள் படித்தால் கண் கலங்குவார்கள். மாணவர் எழுதியதில் தம் பெயரை முதலில் போட்டுக்கொள்ளும் நெறியாளர்களை மட்டுமே அறிந்த தலைமுறை அது.

பிறகு 1825இல் ஸ்ப்ரெங்கல் என்பவர் வந்து, இது பெர்கெரா அல்ல, ‘முர்ரயா’ என்று தீர்ப்பளித்தார். உலகம் நெடுங்காலம் முர்ரயா என்றே எழுதியது. அண்மைக் காலத்தில் மரபணுவைப் பார்த்தவர்கள், இல்லையில்லை, பெர்கெராதான் என்று செடியைப் பழைய வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நூற்றாண்டு அலைந்தும் செடி ஓர் அங்குலம் நகரவில்லை.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை நான்கும் ஒரே குடும்பம் என்று தாவரவியல் சொல்கிறது. பூவை விரித்து, சூலகத்தை அறுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்துக் கண்ட முடிவு. முட்டையிட வரும் பட்டாம்பூச்சி இதே முடிவுக்கு முன்னங்காலால் வருகிறது. இலைமேல் இறங்கி, முன்னங்காலால் படபடவென்று தட்டுகிறது. காலிலேயே சுவை அறியும் உறுப்பு இருக்கிறது. சுவை சரியாக இருந்தால் முட்டை. இல்லாவிட்டால் அடுத்த செடி. பெர்கெராவா முர்ரயாவா என்ற வழக்கில் அது எந்தக் காலத்திலும் வாய்தா வாங்கியதில்லை.

புழுவின் வரலாறு

எங்கள் கொல்லைக்கு வருவன இரண்டு இனங்கள். ஒன்று எலுமிச்சைப் பட்டாம்பூச்சி: கருப்பில் வெளிர்மஞ்சள் திட்டுகள். இன்னொன்று கருப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஓடுவது. இந்த இரண்டாவதன் பெண்களில் சில ஆணைப் போலவே இருக்கும். சில, பறவைகள் தின்னத் தயங்கும் நச்சுப் பட்டாம்பூச்சிகளின் வேஷத்தைக் கட்டிக்கொண்டு திரியும். லின்னேயஸ் 1758இல் இதன் ஆணுக்கு ஒரு பெயரும் வேஷமிட்ட பெண்ணுக்கு வேறு பெயரும் வைத்து, புருஷன் பெண்டாட்டிக்குத் தனித்தனி ரேஷன் கார்டு கொடுத்துவிட்டார். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1865இல் வெளியான கட்டுரையில் இந்த வேஷத்தைப் பற்றி விரிவாக எழுதினார். இவ்வளவு காலமும் அந்தத் தம்பதிக்குள் எந்தக் குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை.

முட்டை கடுகைவிடச் சிறியது. உருண்டை, வெளிர்மஞ்சள். கொழுந்து இலையில் ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கும். மூன்று நான்கு நாளில் புழு வெளியே வந்ததும் முதலில் தின்பது தன் முட்டை ஓட்டைத்தான். ஆய்வாளர்களும் அவ்வாறே. எம்.ஃபில். பட்டம் இருந்தவரை, முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் இயலில் தம் எம்.ஃபில். ஆய்வேட்டை முழுதாக உட்கொண்ட பின்பே அடுத்த இலைக்கு நகர்ந்தார்கள் என்பது ஒப்பு நோக்கத்தக்கது.

இளம்புழு பார்வைக்கு அசல் காக்கை எச்சம். பழுப்பு, நடுவில் வெள்ளைத் தீற்றல், மேலே ஈரம் காயாத மினுமினுப்பு. இலையின் நடுவில் பயமில்லாமல் கிடக்கும். எச்சத்தை யார் கொத்தித் தின்பார்கள்? நான்கு முறை தோலுரித்து, ஐந்தாம் பருவத்தில்தான் பச்சை நிறத்துக்கு வருகிறது. மொத்தத் தீனியில் பெரும்பங்கைத் தின்பது அந்தக் கடைசிப் பருவத்தில். வீட்டார் பார்த்து அலறுவதும் அப்போதுதான். அதற்கு முன் அது எச்சமாகவே கருதப்பட்டு மரியாதையாக விடப்பட்டிருக்கும்.

பச்சைப் புழுவை ஒரு குச்சியால் தொட்டுப் பார்த்தால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த சதைக்கொம்பு ஒன்று இரண்டு கிளையாகப் பிதுங்கி வரும். கூடவே ஒரு வாடை: எலுமிச்சைத் தோலும் கெட்டுப்போன வெண்ணெயும் கலந்தது. இரண்டு நொடி நீட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். எறும்பு ஓடிவிடும். ஆய்வாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு குறிப்பேட்டில் எழுதுவார். “அது காரமா வீசும், கிட்டே போகாதீங்க தம்பி” என்பது முன்னோர் கூற்று (கீரைக்காரம்மா, நேர்ப்பேச்சு, வாசற்படி).

புழு எங்கிருந்து வருகிறது என்பதில் இரு கொள்கைகள் உண்டு. ‘பாத்திரம் கழுவின தண்ணி தேங்கினா அதுலேர்ந்து வரும்’ என்பது ஒன்று (மாமி, ‘மதில் சுவர் உரைக்கோவை’, தொகுதி 2: மருமகள் ஊரில் இல்லாத காலப்பகுதி). இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் ஐரோப்பாவின் வரலாற்றைப் படிக்கவேண்டும். பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தாமே பிறக்கின்றன என்று அங்கே படித்தவர்களே நெடுங்காலம் நம்பினார்கள். மரியா சிபில்லா மெரியன் பதின்மூன்று வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கி, பிறகு கண்ணில் பட்ட புழுக்களையெல்லாம் பெட்டியில் போட்டு, எது எந்த இலையைத் தின்கிறது, எது என்னவாகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்து 1679இல் புத்தகமாக வெளியிட்டார். அவருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. ஆகவே அவர் நேராகப் புழுவைப் பார்க்க நேர்ந்தது.

புழுவுக்கு அறிவு எத்தனை?

இதுவே இவ்வாய்வின் உயிர்நாடி. புழுவை அகற்றுவதற்கு முன் அதன் அறிவு எத்தனை என்று தெரிந்தாக வேண்டும். தெரியாமல் அகற்றுவது முறையியல் பிழை.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவால் ஆறாகப் பகுக்கிறார். தொட்டால் உணர்வது ஒன்று; அதோடு நாக்கு சேர இரண்டு; மூக்கு சேர மூன்று; கண் சேர நான்கு; செவி சேர ஐந்து; மனம் சேர ஆறு. புல்லும் மரமும் முதல் வகுப்பு. கறையானும் எறும்பும் மூன்றாம் வகுப்பு. நண்டும் தும்பியும் நான்காம் வகுப்பு. ஒவ்வொரு வகுப்பிலும் இவை போல வேறும் உண்டு என்று கதவை ஒருக்களித்துத் திறந்தும் வைத்தார். அந்த இடுக்கு வழியாக எத்தனையோ பேர் முனைவராகியிருக்கிறார்கள். யாமும் நுழைகிறோம்.

பட்டாம்பூச்சி தும்பியோடு பறப்பது, எனவே நான்கறிவு. இதில் வழக்கில்லை. அதன் புழு?

இரண்டறிவு என்பது கிணற்றடிப் பள்ளியின் கோட்பாடு. உடம்பு உண்டு, வாய் உண்டு, வேறென்ன வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள் (தண்ணீர் இறைக்க வந்த சின்ன மாமா, ‘வாளி விளக்கம்’, கயிறு அறுவதற்கு முந்தைய பதிப்பு). திண்ணைப் பள்ளி இதை மறுக்கிறது. பக்கத்திலேயே செம்பருத்தி செழித்து நிற்கிறது. புழு அதைச் சீண்டுவதில்லை. தேர்ந்து தின்பதற்கு மூக்கு வேண்டாமா? எனவே மூன்று (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ‘நான் அப்பவே சொன்னேன்: நடைப்பயிற்சிப் பேருரைகள்’, மூன்றாம் சுற்று, முட்டிவலிக்குப் பின் திருத்திய பதிப்பு, மறுப்புரையுடன், மறுப்புரையும் அவருடையதே).

இந்நிலையில் கண் என்ற சிக்கல் எழுகிறது. புழுவின் தலையில் பக்கத்துக்கு ஆறு வீதம் பன்னிரண்டு சிறு கண்கள் உள்ளன. பன்னிரண்டு கண் என்று படித்த மாத்திரத்தில், இது பண்டைய முருக வழிபாட்டின் எச்சம் என்று எழுதச் சிலருக்குக் கை துடிக்கும். அவர்கள் தனிக் கட்டுரை எழுதிக்கொள்ளலாம். ஏற்கெனவே எழுதியிருக்கவும் கூடும். எம் கேள்வி வேறு. பன்னிரண்டு இருந்தும் அந்தக் கண்களுக்கு வெளிச்சமும் இருட்டும் மங்கலான உருவமும்தான் தெரியும். இதைப் பார்வை என்று கொள்வதா? கொள்ளலாம் என்றால் நான்கறிவு. கூடாது என்றால், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மேற்கோள் சரிபார்க்கும் பதிப்பாசிரியர் பலருக்கும் ஓர் அறிவு குறைந்துவிடும். ஆகவே கொள்ளலாம் என்றே தீர்மானிக்கப்பட்டது.

செவியைப் பொறுத்தவரை எம் தாயார் செடியருகே நின்று புழுவை அதன் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினார், அசைவில்லை. செவியின்மைக்கு இது சான்றாகுமா? வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் எவ்வளவு திட்டினாலும் அசையாத ஆய்வாளர்களும் ஆறறிவு உயிர்களாகவே கணக்கில் வருகிறார்கள். எனவே இச்சான்று தள்ளப்பட்டது.

நிற்க. புழு சரி, கூட்டுப்புழு? தின்று முடித்த புழு ஒரு தண்டில் வாலை ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டி, சாய்ந்து தொங்கிக்கொண்டு தோலைக் கழற்றுகிறது. இடத்துக்கேற்பக் கூடு பச்சையாகவோ பழுப்பாகவோ அமையும். இந்த நிலையில் அது தின்பதில்லை, நடப்பதில்லை. தொட்டால் இலேசாக நெளியும். அவ்வளவே. தொட்டால் உணர்வது மட்டும் என்றால் ஓரறிவு! அதாவது, தான் தின்ற செடிக்கும் தனக்கும் ஒரே வகுப்பு. நான்கிலிருந்து ஒன்றுக்குப் பதவியிறக்கம். பிறகு ஏறக்குறையப் பத்து நாளில் கூடு வெடித்து, சிறகு உலர்ந்து, மறுபடி நான்கு. தேர்வில்லை, நேர்காணல் இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை.

இதிலிருந்து கிளைக்கும் வினாக்கள் எளியவை அல்ல. கூட்டுக்குள் இருந்த காலம் பணிக்காலமாகக் கணக்கிடப்படுமா? பணிமூப்பு புழுவாகச் சேர்ந்த நாளிலிருந்தா, பறந்த நாளிலிருந்தா? பதினாறு காலுடன் (மெய்க்கால் ஆறு, பொய்க்கால் பத்து) உள்ளே போய் ஆறு காலுடன் வெளியே வருகிறதே, மீதிப் பத்துக்கு யார் பொறுப்பு? இவற்றை ஆராய ஒரு மூவர் குழு அமைந்தது. குழு கூடியபோது நடந்தது இது (‘தேநீர்க்கடை பெஞ்சுக் குறிப்புகள்’, இரண்டாம் ஏடு, டீ சிந்திய பக்கம், மூன்றாம் வரி தெளிவில்லை, நான்காம் வரியில் பஜ்ஜி எண்ணெய், பாடபேதம்: ‘வடை’. எண்ணெயின் பரப்பை நோக்க ‘பஜ்ஜி’ என்பதே சிறந்த பாடம், ‘வடை’ எனக் கொள்வார் உளராயினும் அவர் அன்று கடைக்கு வராதவர் என அறிக): முதலாமவர் கூட்டுப்புழு ஓரறிவே என்றார். இரண்டாமவர், அப்படியானால் உறங்கும் மனிதனுக்கு எத்தனை என்றார். மூன்றாமவர் அதற்குள் உறங்கியிருந்தார்.

பட்டாம்பூச்சியிலும் ஒரு முடிச்சு எஞ்சுகிறது. மேலே சொன்னபடி அது காலால் சுவைக்கிறது. நாக்கு காலில் இருந்தால், இலைமேல் கால் வைப்பது தொடுதலா, சுவைத்தலா? தொடுதல் எனில் ஒன்று, சுவைத்தல் எனில் இரண்டு, இரண்டும் ஒரே நேரத்தில் எனில் ஒன்றரையா? இலக்கணத்தில் அரைக்கு இடமுண்டு. மாத்திரையில் அரை உண்டே. அறிவில் ஏன் கூடாது? இக்கருதுகோளை முதன்முதலில் முன்வைப்பவர் யாமே என்பதை அடக்கத்துடன் தெரிவித்து, வேறு யாராவது முன்வைத்தால் வழக்குத் தொடுக்கப்படும் என்பதையும் அதே அடக்கத்துடன் தெரிவிக்கிறோம்.

“இன்னும் எழுதி முடியலையா? தெக்குப் பக்கக் கிளை மொட்டையாயிடுச்சு” என்று இந்த இடத்தில் உள்ளிருந்து ஒரு குறுக்கீடு வந்தது. அது தரவாகச் சேர்க்கப்பட்டது.

களையும் முறைகள்

புழுவை அகற்றும் வழிகளில் விவரம் தெரிந்தவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே இப்பகுதி ஆய்வுக்கு உதவாது, சுருக்கமாகவே அமைகிறது.

காலையில் செடியருகே போய் இலையைத் திருப்பிப் பார்த்து, எச்சம் போல் கிடப்பதை விளக்குமாற்றுக் குச்சியால் தள்ளிவிட வேண்டும். வீட்டுச் செடி ஒன்றிரண்டுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. சின்னப் புழுவாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கையால் எடுக்க அருவருப்பு என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைவதற்குச் சில சொட்டுச் சோப்புக் கரைசல், நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரு பக்கமும் நனையத் தெளிக்கலாம். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்து வடிகட்டிய கரைசலும் மாடித் தோட்டக்காரர்கள் கைவசம் வைத்திருப்பதுதான். சமையலுக்குப் போகிற இலை என்பதால் கடைப் பூச்சிமருந்துப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. போனால் தாளிப்பில் அதுவும் சேரும்.

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாத் தூள் ஒன்றும் உண்டு. 1901இல் ஜப்பானில் இஷிவாடா என்பவர், பட்டுப்புழுக்கள் ஏன் சாகின்றன என்று தேடப் போய்க் கண்டது. 1911இல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதி மாவு மில்லில் செத்த அந்துப்பூச்சிப் புழுவிலிருந்து பெர்லினர் மறுபடி கண்டார். ஊர்ப் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. முதலில் கண்டவர் பெயர் நிலைக்காது, பிறகு கண்டவர் வைத்த பெயர் நிலைக்கும் என்பது ஆய்வுலகில் பலரும் சொந்தச் செலவில் அறிந்தது. இலையோடு புழுவின் வயிற்றுக்குள் போனால்தான் இது வேலை செய்யும்.

தையல்சிட்டு, செம்போத்து, ஓணான் ஆகியோர் இத்துறையில் ஊதியமில்லாமல் உழைத்துவருகிறார்கள். முட்டைக்குள்ளேயும் புழுவுக்குள்ளேயும் தம் முட்டையை வைத்துவிட்டுப் போகும் குட்டிக் குளவிகளும் இருக்கின்றன. மருந்து அடித்தால் முதலில் போவது அவைதான்.

எதுவும் செய்யாமல் விட்டாலும் வேரூன்றிய செடி சாவதில்லை. மொட்டையான கிளை மறுபடி துளிர்க்கும். துளிர்த்த கொழுந்தைப் பார்த்து அடுத்த பட்டாம்பூச்சி வந்து காலால் தட்டும்.

ஆய்வு முடிவுகள்

ஒன்று: ஆய்வு தொடங்கியபோது செடியில் புழு இருந்தது. இரண்டு: இப்போது இல்லை. பாதி அம்மாவின் விளக்குமாற்றுக் குச்சியால் தீர்ந்தது. மீதித் தரவுகள் பறந்துவிட்டன. முட்டையிலிருந்து பட்டாம்பூச்சிவரை எங்கள் பக்கத்து வெயிலில் ஏறக்குறைய ஒரு மாதம்தான் ஆகிறது. ஆய்வுத் தலைப்புக்கு ஒப்புதல் கிடைக்க அதைவிட அதிகம் ஆகும். மூன்று: அறிவு எத்தனை என்பது இன்னும் திறந்தே உள்ளது, இது இத்துறையின் வளத்தைக் காட்டுகிறது.

மேலாய்வுக்குரிய களங்கள்

தொட்டியில் வளரும் செடிக்கும் தரையில் வளரும் செடிக்கும் புழு காட்டும் மரியாதை வேறுபாடு. புழுவைத் திட்டும் சொற்கள், வட்டார வழக்கு நோக்கில். ரசத்திலிருந்து பொறுக்கி ஒதுக்கப்படும் இலைக்காக இவ்வளவு பாடா என்ற வினா, ஒரு மறுவாசிப்பு.

மதிலுக்கு அப்பால் உள்ள களமும் வளமானதே. நந்தியாவட்டையை மேயும் புழு விரல் நீளத்துக்குப் பருக்கும். தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண்புள்ளிகள், வாலில் ஒரு கொம்பு. மண்ணில் இறங்கும் முன் பச்சை போய்ப் பழுப்பாகிவிடும். அரளியையும் அதுவே தின்கிறது. அதன் கழிவு தரையில் மிளகு மிளகாகக் கிடப்பதை வைத்தே மேலே ஆள் இருப்பது தெரியும். இக்கட்டுரையின் மெய்ப்பைச் சுவரோரம் நின்று திருத்திக்கொண்டிருந்தபோது மாமி கேட்டார்:

“ஏண்டா, உங்காத்து கறிவேப்பிலைக்கு மட்டும் இத்தனை பக்கமா? எங்காத்து நந்தியாவட்டையையும்தான் ஒரு புழு திங்கறது. அதுக்கு ஒண்ணும் எழுதப்படாதா?”

“தாராளமா எழுதலாம் மாமி. பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய். சான்றிதழ் உண்டு. சாப்பாடு தனி.”